சுவருக்கு வெளியே கடைசி குவார்ட்டர்

போன வாரம் என்னை கிரவுண்டை விட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

ஆமாம், என்னைத்தான். நான் கான்கிரீட் போட்ட கோர்ட். நான் நின்று நட்ட போஸ்ட். அங்கே நான் வளர்த்த ஒருவனே விசில் ஊதி எனக்கு கேட்டைக் காட்டினான். அதுவும் எப்படி? இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுக்கொண்டே!

இது அவமானமா, மரியாதையா? ஒரு வாரமாக யோசிக்கிறேன். வீட்டுக்குள் நடக்கிறேன், மாடியில் நடக்கிறேன்... "டைல்ஸ் தேஞ்சிடும், செத்த நேரம் உக்காருங்க" என்கிறாள் மனைவி. உட்கார முடிந்தால்தானே?

அன்றைக்கு அமாவாசை. செஞ்சியில் பாதிப் பேர் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பாதிப் பேர் எங்கள் மேட்சுக்கு வந்திருந்தார்கள். கூட்டிச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கும் திண்டிவனம் பக்கத்து டீம் ஒன்றுக்கும் பாஸ்கெட்பால் ஃபைனல்.

கப் எனக்குப் பெரிய விஷயம் இல்லை. வீட்டில் இருக்கிற கப்புகளுக்கே அலமாரி போதவில்லை. விஷயம் வேறு. ஷாமியானாவுக்குக் கீழே முதல் வரிசையில் ஒரு மேடம் உட்கார்ந்திருந்தார். சென்னையில் ஒரு பெண்கள் காலேஜ் டீமின் கோச். அந்த டீமில் இந்த வருஷம் ஒரே ஒரு இடம் காலி. அதில் சேருகிற பெண்ணுக்கு படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் காலேஜ் செலவு. மறுநாள் வேலூரில் இன்னொரு பெண்ணைப் பார்க்கப் போகிறார். எங்களுக்குக் கிடைத்தது இந்த ஒரு சாயங்காலம்தான்.

அவர் தானாக வந்துவிட்டாரா? நான் போன் போட்டு வரவழைத்தேன். "மேடம், எங்க ஊர்ல ஒரு பொண்ணு இருக்கா. நீங்க வந்து பாக்கலன்னா நஷ்டம் எனக்கில்ல, உங்களுக்குத்தான்" என்றேன். ஏழாவது வரை படித்தவன் ஒரு காலேஜ் மேடத்திடம் இப்படிப் பேசலாமா என்று கேட்காதீர்கள். பேசினேன். வந்தார்.

அந்தப் பெண் நஸ்ரின். பிளஸ் டூ. எங்கள் கேப்டன். அப்பா தாவூத் பாய் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறார். மார்க்கை வைத்து சீட் வாங்குகிற பெண் இல்லை அவள். பந்தை வைத்து வாங்கினால்தான் உண்டு.

என்னைப் பற்றிப் புது வாசகர்களுக்காகக் கொஞ்சம். பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், எத்தனை முறை கேட்டாலும் நல்ல கதைதான்.

செஞ்சி மண்டியில் மல்லாட்டை மூட்டை தூக்கினவன் நான். வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். ஆறே கால் அடி உயரம். பஸ்ஸில் நிமிர்ந்து நிற்க முடியாது, கல்யாணப் பந்தலில் தலை இடிக்கும். கீழே நின்றபடியே லாரி உச்சியில் இருப்பவன் கைக்கு மூட்டையை எறிவேன். அதை ஒரு பி.டி. மாஸ்டர் பார்த்தார்.

"பந்து போடுறியா?" என்றார்.

"சாப்பாடு உண்டா?" என்றேன்.

அவ்வளவுதான் இன்டர்வியூ. அந்தச் சாப்பாட்டில் ஆரம்பித்து சென்னையில் ஒரு அரசுத் தொழிற்சாலை டீம், வேலை, அப்புறம் மாநில டீம். ரிங்குக்குக் கீழே நான் நின்றால் எதிராளி சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். இடித்துத்தான் ஆடுவேன். ஒரு மேட்சில் ஐந்து ஃபவுல் விழுந்தால் ஆள் வெளியே, அதுதான் சட்டம். எனக்கு அடிக்கடி விழும். மெட்ராஸில் கூட்டம் என்னை "அஞ்சு, அஞ்சு" என்றே கூப்பிடும். ஒருமுறை இந்தியா கேம்ப்புக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் கண் முன்னாலேயே ஐந்தும் விழுந்து, பாதி மேட்சில் வெளியே வந்தேன். அதோடு கேம்ப் போச்சு. அன்றைக்கு ரெஃப்ரி சரியில்லை. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

அப்புறம் முட்டி போனது. ஆபரேஷன். ரிடையர் ஆகி ஊருக்கு வந்து கோச் ஆனேன். "டிப்ளமா சர்டிபிகேட் இருக்குதா?" என்று ஒருவர் கேட்டார். பேன்ட்டை முட்டிக்கு மேலே சுருட்டி, தையல் போட்ட தழும்பைக் காட்டினேன். மறுபடி கேட்கவில்லை.

கோச் வேலை சுலபம் என்று நினைக்கிறீர்களா? ஆடுகிறவனுக்கு ஓட ஒரு கோர்ட் முழுக்க இருக்கிறது. கோச்சுக்கு என்ன இருக்கிறது? ஒரு பிளாஸ்டிக் நாற்காலி!

அந்த நாற்காலிதான் எனக்கு எதிரி. அன்றைக்கு இரண்டாவது குவார்ட்டரிலேயே, எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு பெண்ணுக்குக் காட்டுவதற்காக எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டேன். விசில். டெக்னிக்கல் ஃபவுல். ஊதியவன் குமரவேல். அனந்தபுரத்துப் பையன், என்னிடம் ஆடினவன், இப்போது ரெஃப்ரி. ஷூ லேஸ் கட்டவே நான்தான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தேன்.

சரி, ஒன்றுதானே என்று விட்டேன். கோச்சுக்கு அப்படி இரண்டு விழுந்தால் வெளியே.

கடைசி குவார்ட்டர் ஆரம்பம். இரண்டு டீமும் சமம். எதிராளி ரிங்குக்குப் பாய்கிறாள், நஸ்ரின் குறுக்கே எழும்புகிறாள், சுத்தமான தடுப்பு... விசில்! நஸ்ரின் மேல் ஃபவுல்!

"டேய் குமாரு! கண்ண எங்கடா வெச்சிருக்க?"

கத்தியது நான்தான். குமரவேல் மெதுவாக என் பக்கம் வந்தான். குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"சார், இங்க நான் ரெஃப்ரி சார். டேய் போடாதீங்க சார்."

"உன்ன டேய் சொல்லாம வேற யாரடா சொல்லுவேன்?"

கூட்டம் குபீரென்று சிரித்தது. அந்தச் சிரிப்புதான் என்னை முடித்தது. அவன் முகம் மாறிவிட்டது. இரண்டு உள்ளங்கையையும் ஆங்கில எழுத்து 'டி' மாதிரி சேர்த்துக் காட்டினான். இரண்டாவது டெக்னிக்கல்.

"ரூல் சார்... தயவு செஞ்சு..." என்று அதே கைகளைக் குவித்துக் கும்பிட்டு, கேட்டைப் பார்த்தான்.

வெளியேற்றின கோச் பெஞ்சில் இருக்கக்கூடாது, ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்கக்கூடாது, டீமோடு பேசக்கூடாது. மொத்தமாக வெளியே போக வேண்டும். அசிஸ்டென்ட் கோச் இருந்தால் அவர் பார்த்துக்கொள்வார். எங்களுக்கு அசிஸ்டென்ட் கிடையாது. பக்கத்தில் இன்னொருவர் யோசனை சொன்னால் எனக்கு ஆகாது. அப்படியானால் சட்டப்படி கேப்டன்தான் கோச்.

போகிற போக்கில் நஸ்ரினிடம் ஒரு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"போங்க சார். நாங்க பாத்துக்கறோம்."

பார்த்துக்கொள்வார்களாமே! டெக்னிக்கலை விட அதுதான் சுருக்கென்று தைத்தது.

வெளியே வந்தால், ரோட்டுக்கு அந்தப் பக்கம் தாவூத் பாயின் ஆட்டோ. பின்சீட்டில் பாய், சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். மகள் ஆடும் மேட்ச் எதையும் அவர் பார்ப்பதில்லை. கொண்டுவந்து விடுவார், வெளியே காத்திருப்பார், கூட்டிப் போவார்.

"இன்னா சார், வெளிய வந்துட்டீங்க?"

"நீ இன்னா பாய் உள்ள வராம இங்க குந்தினு இருக்க?"

"நான் பாத்தா தோத்துடும் சார். ரெண்டு வாட்டி பாத்தேன், ரெண்டு வாட்டியும் தோத்துச்சு. எதுக்கு வம்பு? உங்கள இன்னா பண்ணாங்க?"

"தொரத்திட்டானுங்க."

பாய் சிரிக்கவில்லை. நல்ல மனுஷன். "அந்தம்மா இருக்குதா சார், காலேஜு?" என்று மட்டும் கேட்டார்.

"இருக்குது."

"அது போதும்."

எனக்குப் போதவில்லை. சுவர் உயரமான சுவர். ரோட்டின் இந்தப் பக்கம் நின்றால் போர்டின் மேல் விளிம்பு மட்டும் தெரிகிறது. ரிங் தெரியாது, பிள்ளைகள் தெரியாது. ஆட்டோவின் கால்வைக்கிற படியில் ஏறினேன். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"சார், சார்! வண்டி குடை சாஞ்சிடும். எறங்குங்க. மேட்ச பாக்கக்கூடாதுன்னுதான உங்கள அனுப்பினாங்க?"

"நான் பிள்ளைங்கள பாக்கல, பந்தைத்தான் பாக்கறேன்."

அதுதான் நிஜம். உயரமாகப் போகிற பந்து மட்டும் சுவருக்கு மேலே ஒரு நொடி தெரியும். எழும், நிற்கும், இறங்கி மறையும். அப்புறம் சத்தத்தை வைத்துத்தான் கணக்கு. பந்தைப் பார்த்தே யார் போட்டது என்று சொல்லிவிடுவேன். இது எத்தனை கோச்சுக்கு வரும்? நஸ்ரின் போட்ட பந்து நிதானமாக உச்சிக்குப் போய், பின்பக்கமாகச் சுழன்றுகொண்டு இறங்கும். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஒரு பந்து எழுந்தது. நஸ்ரின். கைதட்டல். "போட்டா பாய்!" என்றேன். பாய் திரும்பாமலே தலையாட்டினார்.

அப்புறம் ஒரு விசில். "சப்ஸ்டிட்யூஷன்!" என்று ஸ்கோரர் டேபிளிலிருந்து குரல்.

யாரை மாற்றுகிறார்கள்? யார் உள்ளே, யார் வெளியே? ரோட்டில் இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும் நடக்கிறேன். மலையனூர் ஸ்பெஷல் ஒன்று பிரேக் போட்டது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "மலையனூரா பெரியவரே? ஏறு ஏறு, இடம் இருக்குது!" என்றான்.

"போய்யா!"

பஸ் போனது. பாய் முதன்முதலாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சார்... எம்பொண்ணு கொரலு இந்தப் பக்கமா கேக்குது?"

காதைத் தீட்டிக் கேட்டேன். ஆமாம். "கை தூக்கு! கை தூக்கு!" என்று கத்துகிறாள். ஆனால் கோர்ட்டின் நடுவிலிருந்து இல்லை. பெஞ்சு இருக்கிற பக்கத்திலிருந்து.

நஸ்ரின் தன்னையே மாற்றிக்கொண்டு வெளியே உட்கார்ந்துவிட்டாள்!

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. யாரைப் பார்க்க அந்த மேடம் சென்னையிலிருந்து வந்தார்? ஒரே ஒரு சாயங்காலம்! அதிலும் கடைசி குவார்ட்டர்! உட்காருகிற நேரமா இது?

"பாய், கத்து! உள்ள போகச் சொல்லு அவள!"

"நானா?"

"நான் கத்தக்கூடாது, ரூல். நீ அப்பன், கத்தலாம். கத்துய்யா!"

பாய் ஆட்டோவிலிருந்து இறங்கினார். சுவரைப் பார்த்து நின்றார். மூச்சை இழுத்தார். நான் காத்திருக்கிறேன்... கத்தவில்லை. மூச்சை விட்டுவிட்டார்.

"எனக்கு இந்த ஆட்டம் தெரியாது சார். அவ உக்காந்தான்னா ஏதோ இருக்கும்."

"சீட்டு போயிடும்யா!"

"போனா போவுது சார். நான் கத்தி அவ எழுந்து, அப்புறம் ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

இப்படி ஒரு ஆளிடம் என்ன பேசுவது? நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்து நடந்ததுதான் விசித்திரம். சுவருக்கு மேலே பந்தே வரவில்லை. போர்டின் விளிம்பு சும்மா நிற்கிறது. ராஜகிரி மலைக்குப் பின்னால் வெயில் இறங்குகிறது. வானம் காலி. ஆனால் கைதட்டல் வருகிறது! எங்கள் பக்கத்துக் கைதட்டல். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. பந்து எழாமல் எப்படி பாயிண்ட் விழும்?

அப்புறம்தான் புரிந்தது. பூங்கொடி.

ஒன்பதாவது படிக்கிற குட்டிப்பெண். காக்காவுக்குக் கல்லெறிகிற மாதிரி பந்தைத் தட்டையாகப் போடுவாள். மேலே எழவே எழாது. "இது பாஸ்கெட்பாலா, மாங்கா அடிக்கிறியா?" என்று வருஷம் முழுக்கத் திட்டி, பெஞ்சிலேயே உட்கார வைத்திருந்தேன். நஸ்ரின் அவளைத்தான் இறக்கியிருக்கிறாள். அந்தத் தட்டைப் பந்து, சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கிற என் கண்ணுக்கு மட்டும்தான் தெரியவில்லை. உள்ளே போய்க்கொண்டேதான் இருந்தது.

மறுபடி விசில், மறுபடி சப்ஸ்டிட்யூஷன். இப்போது பெஞ்சுப் பக்கம் நஸ்ரினின் குரல் இல்லை. பாய் என்னைப் பார்த்தார், நான் பாயைப் பார்த்தேன். உள்ளே போய்விட்டாள்.

கூட்டம் நொடிகளைச் சேர்ந்து எண்ணுகிற சத்தம். சரியாக அந்த நேரம், இரண்டு ஸ்பெஷல் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து எனக்கும் சுவருக்கும் நடுவில் நின்றன! ஆட்கள் இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள், ஒரு ஆள் பூக்கூடையை ஜன்னல் வழியாகத் திணிக்கிறான். "எடு எடு, வண்டிய எடு!" என்று பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டுகிறேன். யார் கேட்கிறார்கள்? அந்தப் பக்கம் ஒரு பெரிய சத்தம். யாருடைய சத்தம், எங்களுடையதா அவர்களுடையதா?

பஸ் நகர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பாய் கண்ணை மூடி நின்றிருந்தார்.

"ஜெயிச்சிட்டாங்க சார்."

"எப்படிச் சொல்ற?"

"எம்பொண்ணு அழுவுறா. தோத்தா அழமாட்டா, திட்டுவா."

ஒரே ஒரு பாயிண்ட் வித்தியாசம். கடைசியாக இரண்டு கைகளுக்கு நடுவில் நுழைந்து போட்டது நஸ்ரின்தானாம். நான் பார்க்காத பந்து. ஊரே பார்த்த பந்து.

முதலில் கேட்டுக்கு வந்தது குமரவேல். விசிலைக் கழற்றிப் பையில் போட்டிருந்தான்.

"சார், மன்னிச்சிடுங்க."

"நீங்க செஞ்சது சரிதாங்க ரெஃப்ரி சார்."

"ஐயோ, இப்ப டேய் சொல்லுங்க சார், மேட்சு முடிஞ்சிடுச்சு!"

சொன்னேன். நாலைந்து டேய் சேர்த்தே சொன்னேன். அவனுக்கு முகம் மலர்ந்தது, எனக்கும் நெஞ்சு லேசானது.

பின்னாலேயே மேடம் வந்தார். அவரும் ஆடினவர், நடையிலேயே தெரியும். நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சார், ஒரு கேள்வி. அந்தப் பொண்ணுக்கு நாலு ஃபவுல் ஆயிடுச்சு. இன்னொண்ணு விழுந்தா அவ்ளோதான். அவளைப் பத்திரமா உக்கார வெச்சு, கடைசில இறக்கணும்னு நீங்கதான் சொல்லிட்டுப் போனீங்களா?"

நாலு ஃபவுலா?

நான் குமரவேலைத் திட்டினேனே, அந்த விசில்தான் நாலாவது. அவன் கண் எங்கே இருக்கிறது என்று கேட்டேனே தவிர, அது எத்தனையாவது என்று நான் எண்ணவே இல்லை.

"ஆமாம் மேடம்" என்ற வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. என்ன அழகான பதில்! வெளியே அனுப்பப்பட்டும் மேட்சை ஜெயித்த கோச்! ஆனால் என் பெருமையா அப்போது முக்கியம்? எந்தப் பதிலுக்கு சீட் கிடைக்கும் என்பதுதான் முக்கியம். கோச் சொல்லாமல் தானே உட்காருகிற பெண்ணை நானாக இருந்தால் டீமில் சேர்க்க மாட்டேன். திமிர் என்பேன். இந்த மேடமும் அப்படி நினைத்துவிட்டால்? பக்கத்தில் பாய், கேட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்திய ஆட்டோவின் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்தபடி என் வாயையே பார்க்கிறார். அவருக்கு நாலும் தெரியாது, ஐந்தும் தெரியாது. ஆனால் இதுதான் கேள்வி என்று தெரிந்துவிட்டது. அவர் மகள் போட்ட கணக்கை அவர் எதிரிலேயே என் பேரில் எழுத எனக்கு மனசு வரவில்லை.

"இல்ல மேடம்" என்றேன். "நான் உள்ள இருந்திருந்தா உக்கார விட்டிருக்க மாட்டேன். நீங்க பாக்கணும்னு முழுசா ஆட விட்டிருப்பேன். அஞ்சாவதும் விழுந்திருக்கும். அவளாத்தான் உக்காந்தா. அந்தச் சின்னப் பொண்ண எறக்கினதும் அவதான்."

மேடம் கைப்பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். எனக்கு அந்த இடத்திலேயே இரண்டு சுற்று ஓட வேண்டும் போல இருந்தது.

"பந்து போடற பொண்ணுங்க எங்ககிட்ட நெறய இருக்காங்க சார்" என்றார். "டீச்சர் இல்லாத கிளாஸ நடத்தற பொண்ணுதான் இல்ல. வேலூருக்கு நாளைக்குப் போறேன், வர்றேன்னு சொல்லிட்டேன். ஆனா எடம் இவளுக்குத்தான். ஜூன்ல பெட்டியோட அனுப்பிடுங்க."

பாய் ஒரு அடி முன்னால் வந்தார். தொண்டையைச் செருமினார்.

"பெட்டின்னா... எவ்ளோ பெருசு மேடம்?"

நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ரோட்டில் தூசி அதிகம், கண்ணில் விழுந்துவிடும்.

இரண்டு நாள் கழித்து பிராக்டிஸ். நஸ்ரின் பந்தைத் தட்டிக்கொண்டே பக்கத்தில் வந்தாள். "சார், நீங்க இருந்திருந்தா என்ன உக்கார வெச்சிருப்பீங்களா?" வெடுக்கென்று கேட்டாள். டீம் பிள்ளைகளில் என்னை எதிர்த்துக் கேள்வி கேட்ட முதல் ஆள் அவள்தான். கேட்கட்டும், சென்னைக்குப் போகிறவள்.

"மாட்டேன். போய் ஆடு" என்றேன்.

அன்றிலிருந்து புது ஏற்பாடு. பிராக்டிஸ் மேட்சில் கடைசி குவார்ட்டருக்கு பிள்ளைகளில் ஒருத்திதான் கோச். யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது எல்லாம் அவள் பாடு. நேற்று பூங்கொடியின் முறை. நான் கேட்டைச் சாத்திவிட்டு ரோட்டுக்கு வந்துவிடுவேன். கை துறுதுறுக்கிறது, கால் நிற்க மாட்டேன் என்கிறது, வாயைத் திறக்காமல் இருப்பதற்குள் உயிர் போகிறது. இருந்தாலும் நிற்கிறேன்.

உள்ளே உட்கார்ந்து கத்துகிற கோச் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். என்னைப் போல் வெளியே நிற்கிற கோச் ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம்!